கேம்பர் வேனில் கரண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெம்போ டிராவலர் அளவிலான வேனைப் படுக்கை, சின்ன சமையல்மேடை, ஃப்ரிட்ஜ் வைத்து மாற்றிக்கொண்டு நம் ஊர் வெயிலில் சுற்றுபவர்களை மனதில் வைத்து எழுதியது. லாரி, பஸ் போன்ற பெரிய வண்டிகளில் 24 வோல்ட் இருக்கும். இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் கணக்கு.

எத்தனை ஆம்ப் பேட்டரி போட வேண்டும்?

கடைக்காரரிடம் இதைக் கேட்காதீர்கள். அவரிடம் ஸ்டாக்கில் இருப்பதுதான் பதிலாக வரும். முதலில் ஒரு நாளைக்கு உங்களுக்கு எத்தனை வாட்-அவர் தேவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பொருளின் வாட்டை அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-அவர். பேட்டரியின் ஆம்ப்-அவரை வோல்ட்டால் பெருக்கினாலும் அதே வாட்-அவர்தான். இந்த இரண்டு வரி தெரிந்தால் போதும்.

கணவன், மனைவி, ஒரு குழந்தை போகும் வேனுக்கு ஒரு கணக்கு: 20 வாட் டிசி ஃபேன் இரண்டு, பத்து மணி நேரம் – 400. 45 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ், நம் வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 600. 5 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம் – 100. இரண்டு போன், ஒரு லேப்டாப் – 180. தண்ணீர் பம்ப் 70 வாட் என்றாலும் மொத்தம் இருபது நிமிடம்தான் ஓடும் – 25க்குள். மிக்ஸி 750 வாட், சட்னிக்கு ஐந்து நிமிடம் – 60 சொச்சம். கூட்டினால் 1,370 வரும். ஃப்ரிட்ஜுக்கும் ஃபேனுக்கும்தான் முக்கால்வாசி போகிறது என்பதைப் பாருங்கள். எல்லோரும் பயப்படும் மிக்ஸி ஒரு பொருட்டே இல்லை. அது வேறு இடத்தில் தொல்லை தரும், பின்னால் வருகிறது.

இதோடு எழுதாமல் விடும் ஒன்று உண்டு. இன்வெர்ட்டரை ஆன் செய்து சும்மா விட்டாலே 10 முதல் 20 வாட் தின்னும். நாள் முழுக்க விட்டால் 240 முதல் 480 வாட்-அவர், அதாவது ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் வரும் செலவு. ஃபேன், விளக்கு, ஃப்ரிட்ஜ், போன் சார்ஜர் எல்லாவற்றையும் நேராக 12 வோல்ட்டில் ஓட்டி, மிக்ஸிக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் இன்வெர்ட்டரைப் போட்டு உடனே அணைப்பவருக்கு 1,500 வாட்-அவர் போதும்.

200 ஆம்ப்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட்டில் 2,560 வாட்-அவர். எண்பது சதவீதம் எடுத்தால் 2,048. வெயிலே வராத ஒரு நாளைத் தாண்டி மறுநாள் காலை வரை வரும். இந்தக் குடும்பத்துக்கு அது சரியான அளவு.

வண்டியில் ஏற்கெனவே இருக்கும் பேட்டரியில் ஃபேன் ஓட்டினால் என்ன?

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. எஞ்சின் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்ப் கொடுத்துவிட்டு உடனே, எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து திரும்பி நிரப்பிக்கொள்வதற்காகச் செய்தவை அவை. இரவெல்லாம் மெதுவாக உறிஞ்சி அடிவரை காலி செய்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து, பத்து இருபது தடவையிலேயே பேட்டரி படுத்துவிடும். வீட்டு உபயோகத்துக்குத் தனிப் பேட்டரி கட்டாயம்.

வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி சும்மா கிடக்கிறது. அதையே ஏற்றலாமா?

ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் வேண்டாம் என்போம். 150 ஆம்ப்-அவர் டியூபுலர் ஐம்பது கிலோவுக்கு மேல் எடை. பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையில் வருவது 900 வாட்-அவர்தான். எடையைக்கூடப் பொறுக்கலாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். மூடிய வேனில் கட்டிலுக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. மலைப்பாதை வளைவில் ஆசிட் தளும்பி வெளியே வந்தால் தரைத்தகடு அரிக்கும்.

அதைவிட ஆபத்தான யோசனை, பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேக்கை வாங்கிப் பொருத்துவது. அவற்றில் பல நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் வகை. சூடேறித் தீப்பிடித்தால் அணைப்பது கடினம். ஆள் படுத்துத் தூங்கும் இடத்தில் பாஸ்பேட் வகையைத் தவிர வேறு லித்தியம் வேண்டாம்.

லித்தியம் நம் வெயிலைத் தாங்குமா?

வெளிநாட்டு வீடியோக்களில் குளிரைப் பற்றியே பேசுவார்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பது உண்மைதான். லடாக் போகிறவர் கவலைப்படட்டும். நமக்குச் சிக்கல் மே மாதம். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய வேனுக்குள் 50 டிகிரி தாண்டும். பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட்டான பி.எம்.எஸ். பொதுவாக 55–60 டிகிரியில் சார்ஜை நிறுத்திவிடும். ‘நல்ல வெயில், பேனலில் வோல்டேஜ் இருக்கிறது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை’ என்று வரும் புகாரில் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது பேட்டரிப் பெட்டியைத்தான். எஞ்சின் பக்கமும், வெயில் அடிக்கும் பக்கச்சுவரை ஒட்டியும் வைக்காமல், தரைமட்டத்தில், நாலாபக்கமும் இரண்டு விரல் காற்று போக இடம் விட்டு வையுங்கள். அடிக்கடி சூடானால் நின்றுபோகாமல் ஓடினாலும் ஆயுள் வேகமாகக் குறையும்.

மாடியில் போடும் 540 வாட் பேனலை வேன் கூரையில் போடலாமா?

போடலாம், வாட்டுக்கு விலையும் அதில்தான் குறைவு. ஆனால் அளவு சுமார் 2.28 மீட்டருக்கு 1.13 மீட்டர், எடை 28 கிலோ. கூரையில் ஏசி வென்டும் ஏணியும் போக அந்த இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிட்டுப் பிறகு வாங்குங்கள். பேனலுக்கும் கூரைக்கும் இடையே மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் செல் 65 டிகிரிக்கு மேல் போகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் கரண்ட் குறையும் என்பதால் 65 டிகிரியிலேயே 14 சதவீதம் போயிற்று.

பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பேனலின் அதிக வோல்டேஜைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்.பி.பி.டி. வகையாகத்தான் இருக்க வேண்டும். இந்தப் பேனல் 41 வோல்ட்டில் கரண்ட் தரும், மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அதைப் பேட்டரி வோல்டேஜுக்கு இழுத்து இறக்கி, மூன்றில் இரண்டு பங்கை வீணாக்கும். 540ஐ 14.4ஆல் வகுத்தால் 37.5 ஆம்ப். ஆக 40 ஆம்ப் கன்ட்ரோலர்.

இரண்டு பேனல் போடுகிறவர்கள் விழும் குழி ஒன்று. ஒரு பேனலின் திறந்த சுற்று வோல்டேஜ், அதாவது எதையும் இணைக்காதபோது காட்டும் வோல்டேஜ், 49.5. இரண்டையும் சீரிஸில் போட்டால் 99. ‘கன்ட்ரோலர் 100 வோல்ட் தாங்கும், சரியாக இருக்கிறது’ என்று மாட்டிவிடுகிறார்கள். அந்த 99 என்பது 25 டிகிரியில் எடுத்த அளவு. குளிரில் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்கு 0.27 சதவீதம் அளவுக்கு. கொடைக்கானலில் 5 டிகிரி விடியலில் அதே ஜோடி 104 வோல்ட்டைத் தொடும். கன்ட்ரோலர் அங்கேயே புகைந்துவிடும், வாரன்டியும் கிடைக்காது. பேரலலில் போடுங்கள், அல்லது 150 வோல்ட் கன்ட்ரோலர் வாங்குங்கள்.

வேனில் பேரலலுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. நிழலுக்காக வண்டியைத் தென்னை மரத்தடியில்தான் நிறுத்துவோம். ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் பேரலலில் மற்றது தன்பாட்டுக்கு வேலை செய்யும்.

மாட்டும் வரிசை: முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. கன்ட்ரோலருக்குத் தன் பேட்டரி எத்தனை வோல்ட் என்று தெரியாமலே பேனலின் வோல்டேஜ் ஏறினால் சில மாடல்கள் அதோடு முடிந்தன.

பேனல் ஒரு நாளைக்கு எவ்வளவு தரும்?

தமிழ்நாட்டில் முழு வெயிலுக்குச் சமமான நேரம் ஒரு நாளைக்குச் சுமார் ஐந்து மணி. தட்டையாகப் படுத்த பேனல், சூடு, தூசி எல்லாம் சேர்த்து முப்பது சதவீதம் கழியுங்கள். 400 வாட்டுக்கு 1,400 வாட்-அவர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. அப்போது கைகொடுப்பது எஞ்சின்.

வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்தே சார்ஜ் செய்யலாமே?

செய்ய வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டுப் பேனலை மட்டும் பெரிதாக்குவது வீண் செலவு. ஆனால் இரண்டு பேட்டரிக்கும் இடையே ஒரு ரிலே மட்டும் போட்டு இணைக்கும் பழைய முறை லித்தியத்துக்குச் சரிப்படாது. லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு, கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் தன் முழுத்திறனில் மணிக்கணக்கில் ஓடும். டிராஃபிக்கில் ஐடிலில் நிற்கும்போது அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சுருள் வெந்துபோகும். இன்னொன்று, பல பி.எஸ்.6 வண்டிகளில் ஆல்டர்னேட்டர் எரிபொருள் மிச்சத்துக்காக வோல்டேஜைத் தானாக ஏற்றி இறக்கும். இறங்கிய நேரத்தில் ரிலே வழியாக எதுவும் ஏறாது.

இடையில் 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். அது அளவாக இழுத்து, லித்தியத்துக்குத் தேவையான 14.2–14.4 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும். மணிக்குச் சுமார் 400 வாட்-அவர். சென்னையிலிருந்து மதுரைக்கு 460 கிலோமீட்டர், சாப்பாட்டு நேரம் போக ஏழு மணி ஓட்டம் என்றால் காலி பேட்டரியும் நிரம்பிவிடும். அதன் இக்னிஷன் சிக்னல் வயரை மறக்காமல் இணையுங்கள். இல்லாவிட்டால் எஞ்சின் நின்ற பிறகும் அது வண்டி பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நின்ற இடத்தில் எஞ்சினை ஓட்டிச் சார்ஜ் செய்வது மட்டும் வேண்டாம். டீசலும் போகும், பக்கத்தில் தூங்குபவர் திட்டும் விழும்.

மிக்ஸி சுவிட்சைத் தட்டியதும் எல்லாமே அணைந்துவிடுகிறது. பேட்டரி முழுசாகத்தான் இருக்கிறது. ஏன்?

பி.எம்.எஸ். தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. 750 வாட் மிக்ஸி, கிளம்பும் கணத்தில் அதைப்போல் மூன்று மடங்கு வரை இழுக்கும். 100 ஆம்ப் பி.எம்.எஸ். என்றால் தொடர்ந்து தரக்கூடியது 1,280 வாட். 2,000 வாட் இன்வெர்ட்டர் வாங்கி வைத்திருப்பதால் பேட்டரி 2,000 தந்துவிடாது. பேட்டரி வாங்கும்போது ஆம்ப்-அவரைக் கேட்கும் நாம் பி.எம்.எஸ். எத்தனை ஆம்ப் என்று கேட்பதில்லை. ஸ்டிக்கரில் ‘தொடர் டிஸ்சார்ஜ் கரண்ட்’ என்ற வரியைப் பாருங்கள். இப்போதைக்கு ஜாரில் பாதிக்குக் கீழே போட்டு, மிக்ஸியை முதல் வேகத்தில் கிளப்புங்கள். அதற்கும் அணைந்தால் இன்வெர்ட்டர் வயரைச் சந்தேகப்படுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு? ஏசி?

இண்டக்‌ஷன் 2,000 வாட்டில் ஓடினால், இன்வெர்ட்டர் இழப்பும் சேர்ந்து பேட்டரியிலிருந்து 174 ஆம்ப். அதற்கு 70 ஸ்கொயர் எம்எம் கேபிள், 250 ஆம்ப் ஃப்யூஸ், 200 ஆம்ப் பி.எம்.எஸ். வேண்டும். 800 வாட்டில் வைத்துப் பால் காய்ச்சலாம். குக்கர் வைக்கக் கேஸ் அடுப்பே மேல்.

ஏசி பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, தகரக்கூரையுள்ள வேனில் ஓர் இரவுக்கு 4,000 முதல் 5,000 வாட்-அவர் குடிக்கும். மேலே சொன்ன குடும்பத்தின் மூன்று நாள் கரண்ட். அதை மறுநாள் திரும்ப நிரப்பக் கூரையில் இடமே இல்லை. ஏசிதான் வேண்டும் என்றால் 24 அல்லது 48 வோல்ட் அமைப்பாகத் தொடக்கத்திலேயே திட்டமிடுங்கள். இல்லாவிட்டால் கூரைக்கு இன்சுலேஷனும் காற்றை வெளியே தள்ளும் கூரை விசிறியும் போட்டு, இரவில் மலையடிவாரத்தில் நிறுத்துங்கள். வேனுக்குள்ளோ ஜன்னலுக்கடியிலோ பெட்ரோல் ஜெனரேட்டர் மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

நடுராத்திரியில் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது. பேட்டரி 13 வோல்ட் காட்டுகிறது.

பேட்டரியில் 13 இருக்கலாம். ஃப்ரிட்ஜுக்கு எத்தனை போய்ச் சேருகிறது என்று பாருங்கள். ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் ஃப்ரிட்ஜுக்குப் போக வர பத்து மீட்டர் வயர். 0.75 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் அதன் தடை 0.23 ஓம். கம்ப்ரஸர் கிளம்பும்போது 8 ஆம்ப் இழுத்தால் வயரிலேயே 1.8 வோல்ட் தொலைகிறது. மிச்சம் 11.2. கார் பேட்டரியைக் காப்பதற்காக, வோல்டேஜ் இறங்கினால் ஃப்ரிட்ஜை நிறுத்தும் ‘ஹை’ கட்-ஆஃப் அங்கே விழுந்துவிடும். 4 ஸ்கொயர் வயர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்தான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு நேராக ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து இழுங்கள். குலுங்கும் வண்டியில் அந்தப் பிளக் ஒருநாளும் இறுக்கமாக நிற்காது. பிறகு கட்-ஆஃபை ‘லோ’வுக்கு மாற்றுங்கள், லித்தியத்தைப் பி.எம்.எஸ். பார்த்துக்கொள்ளும்.

வோல்ட் மீட்டரை வைத்து லித்தியத்தில் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதி இருந்தாலும் 13.2, எழுபது சதவீதம் இருந்தாலும் 13.3. நெகட்டிவ் வயரில் ஷன்ட் (போக வர ஓடும் ஆம்பை அளக்கும் சின்னத் தடை) வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்றே உண்மை பேசும்.

ஃப்யூஸ் எங்கே, எத்தனை ஆம்ப்?

ஃப்யூஸ் வயரைக் காப்பாற்ற, பொருளை அல்ல. ஆகவே அளவு வயரைப் பார்த்து: 1.5 ஸ்கொயருக்கு 10 ஆம்ப், 2.5க்கு 20, 4க்கு 30, 6க்கு 40, இன்வெர்ட்டரின் 70 ஸ்கொயருக்கு 250. இடம், பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள். அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் உள்ள வயருக்குக் காவல் யாரும் இல்லை. அந்தத் துண்டு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

லித்தியத்தில் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும். சாதாரண ஃப்யூஸ் உருகினாலும் உள்ளே ஆர்க் நிற்காமல் தொடரலாம். முதன்மை ஃப்யூஸுக்கு மட்டும் காசு பார்க்காமல் ‘கிளாஸ் டி’ (Class T) வகை வாங்குங்கள். வீட்டு எம்.சி.பி.யை டிசி லைனில் போடும் பழக்கமும் தவறு. 230 வோல்ட் மாறுமின்னோட்டம் விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் ஆர்க் தானாக அணையும். டிசியில் அந்த வாய்ப்பே கிடையாது. டிசி எம்.சி.பி. என்று கேட்டு வாங்கி, அதன் பிளஸ், மைனஸ் குறியைப் பார்த்து மாட்டுங்கள்.

எங்கே தீப்பிடிக்கிறது?

பெரும்பாலும் வயர் நுனியில் மாட்டும் உலோக முனையான லக்கில். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக், ஈயம் பற்றவைத்த லக் இரண்டும் ஓடும் வண்டியில் தளரும். தளர்ந்த இடத்தில் தடை ஏறும், சூடேறும், பிளாஸ்டிக் உருகும். ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வாடகைக்குக் கிடைக்கும். கிரிம்ப் செய்தபின் வயரைக் காலால் மிதித்து லக்கைப் பலமாக இழுங்கள். வராமல் இருந்தால் ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். வேலை முடிந்ததும் இன்வெர்ட்டரில் நல்ல லோடு வைத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி அணைத்துவிட்டு ஒவ்வொரு இணைப்பாகக் கையால் தொட்டு வாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத இடம்தான் நாளைய தீ. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்குங்கள். தனுஷ்கோடி, ராமேஸ்வரம் பக்கம் அடிக்கடி போகிற வண்டிக்கு உப்புக்காற்றுக்காக வெள்ளீயம் பூசிய லக்கும், இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலினும்.

லாட்ஜ் பார்க்கிங்கில் பிளக் செருகிச் சார்ஜ் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அந்தச் சாக்கெட்டை நம்பாதீர்கள். ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கும். எர்த் பின்னுக்குப் பின்னால் வயரே இருக்காது. வேன் ரப்பர் டயரில் நிற்பதால், உள்ளே லீக்கேஜ் இருந்தால் முழு பாடியிலும் கரண்ட் நிற்கும். ஈரத் தரையிலிருந்து செருப்பில்லாமல் கைப்பிடியைத் தொடுபவர்தான் எர்த். வேனுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்), அடுத்து இரண்டு துருவ எம்.சி.பி., எர்த் வயர் சேஸிஸுக்கு. செருகியதும் பாடியில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். எரிந்தால் பிடுங்கிவிடுங்கள்.

எங்கள் பரிந்துரை: வெளிக் கரண்ட்டைப் பேட்டரி சார்ஜருக்கு மட்டும் கொடுங்கள். உள்ளே இருக்கும் 230 வோல்ட் சாக்கெட்டுகள் எப்போதும் இன்வெர்ட்டரிலிருந்தே ஓடட்டும். இரண்டையும் ஒரே சாக்கெட்டில் கலக்கப்போனால் சேஞ்ச்ஓவர், நியூட்ரல்-எர்த் இணைப்பு என்று சிக்கல் கூடும். எர்த்தோடு இணைக்காத இன்வெர்ட்டர் அவுட்புட்டில் ஆர்.சி.சி.பி. விழவே விழாது என்பது பல எலக்ட்ரீஷியன்களுக்கே தெரியாது. எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 ஸ்கொயர், மூன்று கோர். சுருளாக விடாமல் முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருண்ட வயரில் சூடு வெளியேறாது.

ஆர்.டி.ஓ.வில் ஏதாவது சொல்ல வேண்டுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றியமைக்க முடியாது. இருக்கையைக் கழற்றிக் கட்டில் போடுவதும், கூரையில் எடை ஏற்றுவதும் அந்த எல்லையைத் தொடும். வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்று மாதம் வண்டியை எடுக்க மாட்டோம். பேட்டரியை என்ன செய்வது?

லித்தியத்தைப் பாதி அளவில் வைத்து, பேனல் பிரேக்கரை அணைத்துவிட்டு, மெயின் சுவிட்சையும் திருப்பிவிடுங்கள். நூறு சதவீதத்தில் வெயிலில் நிற்பது அதற்கு ஆகாது. எஞ்சின் பேட்டரிக்கு நேர் எதிர்: முழுசாக நிரப்பி, நெகட்டிவைக் கழற்றி வையுங்கள், மாதம் ஒருமுறை சார்ஜ் காட்டுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு துணியை மடித்து வைத்துத் திறந்தபடி விடுங்கள். மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.